திரைச்சீலைக்காரிகள் இருவர் ஓட்டிய பந்தயம்

டேப்பக்காவைக் கழுத்தில் அளவு நாடா இல்லாமல் பார்த்தவர்கள் அந்தத் தெருவில் யாரும் கிடையாது. சாப்பிடும்போதும் கிடக்கும், காய்கறி வாங்கப் போகும்போதும் கிடக்கும். மலைச் சைக்கிள் ஓட்டும்போது மட்டும் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாள். வீட்டில் வைத்துவிட்டுப் போவாளா என்றால், மாட்டாள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே நினைத்துக்கொள்வாள்.

ஆள் ஒல்லி. திரைச்சீலை மாட்டும் கம்பிக்குக் கண்ணாடி போட்டுவிட்டது போல இருப்பாள். நாற்பதைத் தாண்டிய பிறகும் ஒரு சுற்றுப் பெருக்கவில்லை. ஆனால் அந்த விரல்கள் இருக்கின்றனவே, அதைச் சொல்ல வேண்டும். தைத்த துணியைக் கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து கீழாகத் தடவினாள் என்றால், கோணல் எந்த இடத்தில் என்று சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு விடவும் மாட்டாள். பிரிப்பாள். அதுதான் அவளிடம் இருந்த நல்லதும், அதுதான் கெட்டதும்.

வீட்டின் முன் அறைதான் கடை. நடுவில் துணி வெட்டும் நீள மேசை. ஜன்னலை ஒட்டி டேப்பக்காவின் தையல் மெஷின். உள்ளே தள்ளி, மூலையில், குழல் விளக்குக்குக் கீழே அண்ணியின் மெஷின். அண்ணி என்றால் இவளுடைய அண்ணனின் மனைவி. அண்ணன் ஏணியும் துளை போடும் மெஷினும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்த் திரைச்சீலைக் கம்பி மாட்டுகிறவர். கை ஓயாத மனிதர், வாய் ஓய்ந்த மனிதர். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் வாய் இருந்துதான் என்ன செய்ய?

அண்ணி இந்த வீட்டுக்கு வந்தபோது பட்டன்கூடத் தைக்கத் தெரியாது. டேப்பக்காதான் சொல்லிக்கொடுத்தாள். பிறகு டேப்பக்கா கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போனாள். சில வருஷம் கழித்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். கதவைத் திறந்த அண்ணி ஏன் என்று கேட்கவில்லை, எத்தனை நாளைக்கு என்றும் கேட்கவில்லை. "கையைக் கழுவு, சாப்பிடலாம்" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காலையில் கடைக்குள் வந்து பார்த்தால் ஜன்னல் ஓரம் காலியாக இருந்தது. டேப்பக்கா தன் மெஷினைக் கொண்டுவந்து அங்கே போட்டுக்கொண்டாள். அதற்கு முன் அங்கே யாருடைய மெஷின் இருந்தது என்று அவள் யோசிக்கவே இல்லை. நொந்து வந்தவளுக்கு அதெல்லாம் தோன்றுமா?

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அண்ணி எதைத் தைத்தாலும் நூலை அறுக்க மாட்டாள். ஊசியும் நூலும் தொங்க அப்படியே டேப்பக்காவிடம் நீட்டுவாள். இவள் தடவிப் பார்த்து, கடைசி முடிச்சைப் போட்டு, பல்லால் நூலைக் கடித்துத் துப்புவாள். அப்புறம்தான் துணி கடையை விட்டு வெளியே போகும். யாரும் போட்ட சட்டமில்லை. பழகிப்போனது.

சண்டை வந்தது பல் டாக்டரம்மாவின் திரைச்சீலையால். கருநீலத்தில் கறுப்புக் கோடு போட்ட துணி. நோயாளிகள் காத்திருக்கும் அறைக்கு. இரண்டு துண்டை இணைக்கும் இடத்தில் கோடும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். அண்ணி தைத்ததில் உட்காரவில்லை, நெல்மணி அளவுக்கு விலகியிருந்தது. டாக்டரம்மா கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே டேப்பக்கா ஒரு வார்த்தை பேசாமல் தையல் பிரிக்கும் ஊசியை எடுத்து, மேலிருந்து கீழ்வரை டர்ரென்று பிரித்துப் போட்டாள். அண்ணி டீத் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தாள். டேப்பக்காவைவிட மூத்தவள், பாருங்கள். அண்ணி வந்து டீயை வைத்தாள். டாக்டரம்மாவுக்கு மட்டும் வைத்தாள்.

டேப்பக்கா செய்தது தப்பு. தையல் கோணல் என்பது வேறு கதை. செய்தது தப்பு.

அன்றிலிருந்து பேச்சு நின்றது. பேச்சு நின்றது என்றால் வாய் நின்றது என்று அர்த்தமில்லை. அண்ணி கத்தரிக்கோலிடம் பேசினாள்.

"உனக்கென்ன, வெட்டிப் போட்டுட்டுப் போயிடுவே. ஒட்டுறவ கஷ்டம் உனக்கு எங்க தெரியப்போகுது."

டேப்பக்கா இஸ்திரிப் பெட்டியிடம் பேசினாள். "எப்பப் பார்த்தாலும் சூடாவே இருந்தா எப்படி? மனுஷங்க கிட்ட வர வேண்டாமா?"

அண்ணன் ஒருநாள் பொறுக்க முடியாமல், "கத்தரிக்கோல்கிட்ட பேசுறீங்க, பெட்டிகிட்ட பேசுறீங்க. குத்துக்கல்லாட்டம் நான் ஒருத்தன் நிக்கிறேன், என்கிட்டயாவது பேசக் கூடாதா?" என்றார்.

"உங்களை யாரு கேட்டா?" என்றாள் அண்ணி.

"உன்னை யாரு கேட்டா?" என்றாள் டேப்பக்கா, அதே மூச்சில்.

"இதுல மட்டும் ஒத்துமை" என்று அண்ணன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம்தான் அண்ணி அந்தக் குண்டைப் போட்டாள். சாப்பாட்டு மேசையில், தண்ணீர்ச் சொம்பைப் பார்த்துச் சொன்னாள். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஓர் அறை பார்த்திருக்கிறாளாம். தனியாகத் தைக்கப் போகிறாளாம். "பந்தயம் முடிஞ்சு வர்ற வழியிலேயே என் மெஷினை அங்க இறக்கிடுங்க" என்று கணவரிடம் சொன்னாள். டேப்பக்காவின் கை சோற்றிலேயே நின்றது. ஆனாலும் தலையை நிமிர்த்தவில்லை. போகாதீர்கள் என்று சொல்ல வேண்டுமென்றால் முதலில் வாயைத் திறக்க வேண்டும். முதலில் வாயைத் திறப்பவள் தோற்றவள். அப்படி ஒரு பிடிவாதம் அந்த வீட்டில்.

பந்தயம் என்றது மலைச் சைக்கிள் பந்தயம். இவர்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அண்ணிக்குச் சர்க்கரை. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். "நடந்தா எனக்கு ரோட்டுல இருக்கிற எல்லாரையும் விசாரிக்கணும், வீடு வந்து சேர முடியாது" என்று சொல்லிவிட்டு, திரை மாட்டப் போன வீடு ஒன்றில் தூசி படிந்து கிடந்த மலைச் சைக்கிளைக் கேட்டு வாங்கி வந்தாள். தடிமனான டயர், கியர், எல்லாம் உள்ளது. அண்ணி கனத்த உடம்பு. எங்கேயாவது விழுந்து வைப்பாளே என்று டேப்பக்காவும் ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்குவாரிப் பாதையில் ஆரம்பித்தது. பைத்தியம் பிடித்தது போல இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டது.

ஏற்றம் என்றால் டேப்பக்கா. எடையே இல்லாதவளுக்கு ஏற்றம் என்ன கஷ்டம், பட்டம் மாதிரிப் போவாள். அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டு, எல்லாக் கடவுளையும் டாக்டரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு வருவாள். இறக்கம் என்றால் கதையே மாறிவிடும். அண்ணி பிரேக்கைத் தொடாமல் உருண்டு போவாள், முகத்தில் சின்னப் பெண் சிரிப்பு இருக்கும். டேப்பக்காவுக்கு இறக்கத்தைக் கண்டாலே பயம். பள்ளத்தின் பக்கமே கண் போகும். பிரேக்கை எல்லா விரலாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆட்டுக்குட்டி தண்ணீரில் இறங்குவது போல இறங்குவாள். ஏற்றத்தில் இவள் காத்திருப்பாள், இறக்கத்தில் அவள் காத்திருப்பாள். அதனாலேயே இருவர் பிரிவில் பெயர் கொடுத்திருந்தார்கள், சண்டைக்கு முன்னால். சண்டைக்குப் பிறகு விலகியிருக்கலாமே? 'நான் வரவில்லை' என்று யார் யாரிடம் சொல்வது? சொன்னால் பேசினது ஆகிவிடாதா?

பந்தய நாள் காலையில் அண்ணனின் வண்டிக்குள் முதலில் ஏறியது அண்ணியின் மெஷின். தார்ப்பாய் சுற்றி, கயிறு கட்டி, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. அதற்கு மேல் சைக்கிள்கள். முன் இருக்கையில் அண்ணனுக்குப் பக்கத்தில் அண்ணி, கதவோரம் டேப்பக்கா, நடுவில் எல்லைக்கல் நட்டது போல இரண்டு ஹெல்மெட். வழி முழுக்க டேப்பக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் பின்னால் அந்த மெஷின் கடகடவென்று ஆடியது. அந்தச் சத்தம் அவளுக்கு மட்டும்தான் கேட்டதோ என்னவோ.

அந்தப் பந்தயத்தில் இருவர் பிரிவுக்கு ஒரு விதி. மலைப் பாதையில் மூன்று இடத்தில் கம்பம் நட்டு மணி கட்டியிருப்பார்கள். மணிக்கு ஒரே கயிறு, கயிற்றுக்கு இரண்டு கைப்பிடி. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்து மணி அடித்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். ஒருத்தி முன்னால் ஓடிப்போய் மற்றவளை விட்டுவிட முடியாது.

முதல் மணிக்கு டேப்பக்கா முன்னால் போய்ச் சேர்ந்தாள். அண்ணி வந்து சேரும் வரைக்கும் கம்பத்தடியில் நின்றாள். அண்ணி வந்தாள், வேர்த்துக் கொட்ட. இவள் ஒரு கைப்பிடியைப் பிடித்தாள், அவள் ஒன்றைப் பிடித்தாள். இவள் தரையைப் பார்த்தாள், அவள் வானத்தைப் பார்த்தாள். மணி அடித்தது. கம்பத்துக்குக் காவல் நின்ற மனிதர், கழுத்தில் விசில் போட்டிருந்தவர், சும்மா இருக்காமல் கேட்டார்.

"அக்கா தங்கச்சியா?"

"நாத்தனார்" என்றாள் அண்ணி.

"ஓ" என்று சொல்லிவிட்டு விசில்காரர் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார்.

இரண்டாவது மணி மலையின் உச்சியில். அங்கேயும் டேப்பக்காதான் முதலில். உச்சியில் காற்று அள்ளிக்கொண்டு போனது. கீழே அண்ணி சின்னப் புள்ளியாக, சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க டேப்பக்காவுக்கு நாளைக் காலை கண்ணுக்கு முன் வந்தது. மூலையில் மெஷின் இருந்த இடத்தில் நாலு கால் தடம் மட்டும் இருக்கும். குழல் விளக்கைப் போட வேண்டிய வேலை இருக்காது. தைத்ததை நீட்ட ஆள் இருக்காது. தானே தைத்துத் தானே தடவித் தானே முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும். சே, என்ன பிழைப்பு அது.

அண்ணி மேலே வந்து சைக்கிளின் சீட்டில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். டேப்பக்கா தன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து அண்ணியின் கைக்குக் கொடுக்காமல் பக்கத்துப் பாறைமேல் வைத்தாள். அண்ணி பாறையிடமிருந்து வாங்கிக் குடித்தாள். மணியை அடித்தார்கள்.

இறக்கம் ஆரம்பித்தது. பாதை முழுக்கப் பலகை பலகையாக உடைந்த கல். இடது பக்கம் பள்ளம். அண்ணி கிளம்புவதற்கு முன் தன் சைக்கிளின் ஹேண்டில்பாரைத் தட்டிச் சொன்னாள்.

"சைக்கிளே, பள்ளத்தைப் பார்க்காதே. எதைப் பார்க்கிறியோ அங்கதான் போவே. புரிஞ்சுதா?"

சைக்கிளுக்குச் சொன்னது யாருக்கு என்று டேப்பக்காவுக்குத் தெரியாதா? தெரிந்தும் என்ன, முதல் வளைவிலேயே கண் பள்ளத்துக்குப் போய்விட்டது. பிரேக்கை இறுக்கினாள். பின் சக்கரம் சறுக்கியது. ஒரு காலை ஊன்றி நின்றுவிட்டாள். கீழே ஓடிக்கொண்டிருந்த அண்ணி திரும்பிப் பார்த்தாள். இவள் வருகிறாளா, விழுந்தாளா என்று பார்த்தாள். அந்த ஒரு நொடியில் அவளுடைய பின் சக்கரம் ஓரமாக நிமிர்ந்திருந்த கல் விளிம்பில் ஏறி இறங்கியது. புஸ்ஸென்று சத்தம் மேலே நின்ற டேப்பக்காவுக்கே கேட்டது.

டயரின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்குக் கிழிசல். மாற்று டியூப் இருந்தது. ஆனால் கிழிந்த டயருக்குள் டியூபைப் போட்டுக் காற்றடித்தால் கிழிசல் வழியே குமிழ் மாதிரி வெளியே வந்து வெடித்துவிடும். டயர் கிழிந்தால் பந்தயத்தில் எல்லோரும் என்ன செய்வார்கள்? சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவார்கள். தைக்கத் தோன்றுவது இந்த இரண்டு பேருக்குத்தான் தோன்றும்.

டேப்பக்கா சீட்டுக்கு அடியில் இருந்த பையைத் திறந்தாள். திரைச்சீலையின் மேல்பட்டி தைக்கும் தடித்த ஊசி, வெள்ளை நைலான் நூல், மேல்பட்டிக்கு உள்ளே வைக்கும் விறைப்பான பட்டித் துணியில் ஒரு துண்டு. கல்லின்மேல் வைத்தாள். அண்ணி எடுத்துக்கொண்டாள். என் டயரை நான்தான் தைப்பேன் என்கிற முகம். வெயில் சுட்டெரித்ததால் டயரைக் கழற்றிக்கொண்டு ஒரு மரத்தடிக்குப் போய் உட்கார்ந்து, பட்டித் துணியை உள்பக்கம் வைத்துத் தைக்க ஆரம்பித்தாள். ரப்பரில் ஊசி ஏற மறுத்தது. ஒரு சின்னக் கல்லால் ஊசியின் தலையைத் தட்டித் தட்டி ஏற்றினாள்.

பின்னால் வந்தவர்கள் ஒவ்வொரு ஜோடியாகக் கடந்து போனார்கள்.

"உதவி வேணுமா?" என்று ஒருவர் கேட்டார்.

"வேணாம்" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

பந்தயத்தில் அவர்களுக்குப் பின்னால் யாரும் இல்லை என்கிற நிலை வந்தது. மூன்றாவது மணியை எந்த நேரமும் அவிழ்த்துவிடுவார்கள். டேப்பக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பார்க்காதே பார்க்காதே என்று கண்ணுக்குச் சொன்னாலும் கண் அந்தத் தையலிடமே போனது.

அண்ணி கடைசித் தையலை இழுத்தாள். இழுத்துவிட்டு, ஊசியும் நூலும் தொங்க, டயரை டேப்பக்காவிடம் நீட்டினாள்.

நீட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்பது அவளுக்கே உறைத்தது. கை பாதியில் நின்றது. இவள் கையும் பழக்கத்தில் பாதி நீண்டு நின்றது. திரும்ப இழுத்துக்கொள்ள இரண்டு பேருக்கும் முடியவில்லை. டேப்பக்கா வாங்கிக்கொண்டாள். வாங்கினால் சும்மா இருப்பாளா, கண்ணை மூடினாள், தடவினாள்.

ஆரம்பம் சரி. முடிவு சரி. நடுவில் நாலு தையல் விலகியிருந்தது. சுண்டு விரல் நுனி உள்ளே போனது.

பாவி, என்ன செய்வாள் சொல்லுங்கள். முடிச்சைப் போட்டுக் கொடுத்தால், அந்த இறக்கத்தில் அந்தக் கனத்துக்கு அந்த இடம் வெடிக்கும். அண்ணி பள்ளத்தில் கிடப்பாள். பிரித்தால், டாக்டரம்மா முன்னால் செய்ததை மறுபடியும் செய்ததாகும். மெஷின் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விடும், திரும்பி வராது. டயரைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணைத் திறக்காமலேயே நின்றாள்.

"அண்ணி" என்றாள். பேசிப் பேசிப் பழகிய அந்தச் சொல் துருப்பிடித்துக் கிடந்தது போல வந்தது. "நடுவுல நாலு தையல் விலகியிருக்கு. பிரிக்கட்டுமா?"

அண்ணி டயரைப் பார்த்தாள், பிறகு டேப்பக்காவைப் பார்த்தாள். 

"கேக்குறியா?"

"கேக்குறேன்."

"அன்னிக்கு டாக்டரம்மா முன்னாடி என்ன, வாயில ஊசி வெச்சிருந்தியா?"

"ஆமா. ரெண்டு குண்டூசி. எப்பவும் பல்லுல கடிச்சுக்கிட்டுதானே இருப்பேன்."

அண்ணியின் வாயோரம் ஒரு பக்கமாகத் துடித்தது. அதை அடக்கிக்கொண்டாள். "எடுத்துட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம்."

"பிரி. கோணல்னு எனக்கே தெரியும். நிழல்ல உக்காந்து தைச்சேன். இருட்டுல தைச்சா எனக்கு இப்படித்தான் வரும். இத்தனை வருஷமா அப்படித்தான் வருது, நீதான் பிரிச்சுக்கிட்டு இருக்கே."

டேப்பக்கா கண்ணைத் திறந்தாள். மூலை, குழல் விளக்கு, கருநீலத் துணியில் கறுப்புக் கோடு. பெட்டியோடு வந்த மறுநாள் காலியாகக் கிடந்த ஜன்னல் ஓரம். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.  அதையெல்லாம் சொல்லத் தெரிந்த வாய் இல்லை அது. நாலு தையலைப் பிரித்தாள். பிரித்துவிட்டுத் தானே தைக்கவில்லை. டயரைத் தூக்கிக்கொண்டு மர நிழலை விட்டு வெயிலுக்குப் போய், ஊசியை நீட்டினாள்.

"இங்க வெளிச்சத்துல வந்து நீங்களே தைங்க."

அண்ணி வந்து தைத்தாள். இந்த முறை தடவிப் பார்த்த விரல் எங்கேயும் நிற்கவில்லை. டேப்பக்கா முடிச்சைப் போட்டு நூலைக் கடித்தாள். வாயெல்லாம் மண். தூ தூ என்று துப்பினாள்.

"இதுக்காக நான் போகலேன்னு நெனச்சுடாதே" என்றாள் அண்ணி, டியூபைத் திணித்துக்கொண்டே. "அறை பார்த்தாச்சு. பார்த்தது பார்த்ததுதான்."

"நான் ஒண்ணும் நெனைக்கலை. காத்தடிங்க."

இறக்கத்தில் அண்ணி முன்னால் போனாள். டேப்பக்கா பின்னால். அவளுக்குக் கண்ணெல்லாம் அண்ணியின் பின் டயரில். பக்கவாட்டில் அந்த வெள்ளை நூல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை பளிச் பளிச்சென்று வந்து போனது. பிடிக்கிறதா, விலகுகிறதா? அந்த மூன்றாவது தையல் கொஞ்சம் இறுக்கமோ? முடிச்சை இன்னொரு சுற்றுப் போட்டிருக்கலாமோ? நூல் கண்ணை விட்டு மறையக் கூடாதென்று நெருங்கியே போனாள். அண்ணி வேகம் எடுத்தாள், இவளும் எடுத்தாள். வளைவு வந்தது, அண்ணி சாய்ந்தாள், இவளும் சாய்ந்தாள். கல் வந்தது, குதித்தார்கள்.

பாதை சமமானதும் அண்ணி நின்று திரும்பினாள். இடிக்காத குறையாக டேப்பக்கா அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பிரேக் பிடிக்காமலா வந்தே?"

டேப்பக்கா திரும்பி, வந்த வழியை நிமிர்ந்து பார்த்தாள். இடது பக்கம் அத்தனை பெரிய பள்ளம். அப்போதுதான் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"முடிச்சு பிடிக்குமா பிடிக்காதான்னு பார்த்துக்கிட்டே வந்துட்டேன்" என்றாள்.

"உயிரே போனாலும் தையல்ல குத்தம் பார்க்கிறதை விடமாட்டே."

"ஒரு குத்தமும் இல்லை. நல்லாத்தான் தைச்சிருக்கீங்க."

இந்த வார்த்தையை அந்த வீட்டில் அண்ணி அதுவரை கேட்டதில்லை. ஹெல்மெட் வாரைச் சரிசெய்கிறவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாவது மணிக்கு வந்தால், கம்பத்தைச் சாய்த்துவிட்டார்கள். முதல் மணியடியில் நின்ற விசில்காரர்தான் இங்கேயும். மணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சு போச்சும்மா. மணியை அவிழ்த்துட்டேன்."

"அவிழ்த்தா என்ன, கையிலதானே வெச்சிருக்கீங்க" என்றாள் அண்ணி. "கொஞ்சம் உயரமாப் பிடிங்க."

"கணக்குல வராதும்மா."

"கணக்குல வர வேணாம். சத்தம் வந்தாப் போதும்."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் ஒரு பாறைமேல் ஏறி, மணியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். இரண்டு பேரும் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார்கள். இந்தத் தடவை யாரும் வானத்தையும் பார்க்கவில்லை, தரையையும் பார்க்கவில்லை. இழுத்த வேகத்தில் விசில்காரரே பாறையிலிருந்து இறங்கிவிட்டார்.

கடைசிக் கோட்டில் அண்ணன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கூட்டமெல்லாம் கலைந்துவிட்டது. மலைப் பாதையைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி கண்டிருந்தது அவருக்கு. ஆள் தெரிவதற்கு முன்னால் சத்தம் வந்தது.

"நான் சொன்னேன்ல, அந்த இடத்துல கியரை மாத்துங்கன்னு."

"எப்ப சொன்னே? வாயைத் திறந்ததே அரைமணி நேரம் முன்னாடி."

"அதுக்குள்ள நாலு தடவை சொல்லிட்டேன்."

"நாலு தடவையும் தப்பான இடத்துல சொன்னே."

சண்டை. நேருக்கு நேர் சண்டை. கத்தரிக்கோலும் இல்லை, இஸ்திரிப் பெட்டியும் இல்லை. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, குடுவையில் இருந்த டீயை இரண்டு கோப்பையில் ஊற்றினார். கொஞ்சம் கீழே சிந்தியது.

ஆனால் மெஷின் இன்னும் வண்டிக்குள்தான் இருந்தது. அதை மறந்துவிடக் கூடாது. தார்ப்பாயும் கயிறுமாக உட்கார்ந்திருந்தது. சைக்கிள்களை மூன்று பேருமாகத் தூக்கி அதன்மேல் ஏற்றினார்கள். முன் இருக்கையில் ஏறினார்கள். ஹெல்மெட்டை இந்தத் தடவை டேப்பக்கா மடியில் வைத்துக்கொண்டாள்.

ஊருக்குள் நுழையும் நாற்சந்தியில் அண்ணன் வண்டியை மெதுவாக்கினார். இடது பக்கம் திரும்பினால் பேருந்து நிறுத்தம். வலது பக்கம் வீடு. வண்டி நின்றேவிட்டது. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார்.

"எந்தப் பக்கம்?" என்றார் அண்ணன், கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

 டேப்பக்காவின் கை சட்டைப் பைக்குள் போய் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டது.

"அண்ணா, வீட்டுக்குப் போனா அண்ணி மெஷினை ஜன்னலுக்குப் பக்கத்துல போடணும்."

"அப்ப உன்னுது?" என்றாள் அண்ணி.

"மூலைக்கு."

"மூலையில உக்காந்து கண்ணைக் கெடுத்துக்கோ. அப்புறம் உன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது யாரு, நானா?"

"அது உங்க இடம். நான்தான் வந்து உக்காந்துக்கிட்டேன். எனக்கு யாரும் சொல்லலை."

"சொல்லிக் காட்டவா குடுத்தேன்?" என்றாள் அண்ணி, சட்டென்று. பிறகு குரல் இறங்கியது. "குடுத்ததைத் திரும்ப வாங்கிக்கிற பழக்கம் எனக்கு இல்லை."

பின்னால் இப்போது மூன்று நான்கு ஹாரன்.

"திருப்புங்களேன், எத்தனை பேர் நிக்கிறாங்க" என்றாள் அண்ணி.

"எந்தப் பக்கம்னு இன்னும் சொல்லலையே."

"இத்தனை வருஷமா வீட்டுக்குப் போற வழி தெரியாதா உங்களுக்கு?"

அண்ணன் திருப்பினார். திருப்பிய வேகத்தில் பின்னால் மெஷின் கடகடவென்று ஆடியது.

வீட்டில் இறக்கிய பிறகும் தகராறு ஓயவில்லை. இவள் மூலைக்குப் போகிறேன் என்கிறாள், அவள் விடமாட்டேன் என்கிறாள். கடைசியில் டேப்பக்கா நாடாவை எடுத்து ஜன்னலை அளந்தாள், மெஷின்களை அளந்தாள், மறுபடியும் ஜன்னலை அளந்தாள். இஸ்திரி மேசையை மூலைக்குத் தள்ளினால் இரண்டு மெஷினும் பக்கத்தில் பக்கத்தில் வெளிச்சத்தில் நிற்கும். ஜன்னலின் ஒரு கதவை மட்டும் திறக்க முடியாது. முழங்கையும் முழங்கையும் இடிக்கும்.

"இஸ்திரிப் பெட்டிக்கு வெளிச்சம் எதுக்கு?" என்றாள் அண்ணி. அதோடு முடிந்தது.

பல் டாக்டரம்மாவின் திரைச்சீலையை அண்ணி அந்த ஜன்னல் வெளிச்சத்தில் திரும்பத் தைத்தாள். வாங்கிப் போக டாக்டரம்மா வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணி நூல் தொங்க நீட்டினாள். டேப்பக்கா கண்ணை மூடித் தடவிக்கொண்டே வந்தாள். கீழ்மடிப்புக்குச் சற்று மேலே விரல் நின்றது. எல்லோரும் பார்த்தார்கள். அவள் வாயிலிருந்த குண்டூசியை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள்.

"அண்ணி, இங்க பிரிக்கட்டுமா?"

அண்ணி குனிந்து பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

"வேணாம்" என்றாள்.

டேப்பக்கா விரலை அந்த இடத்திலிருந்து எடுத்தாள். முடிச்சைப் போட்டாள். நூலைக் கடித்தாள்.

அந்தத் திரைச்சீலை இன்றைக்கும் அங்கேதான் தொங்குகிறது. பல்வலியோடு தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் அதில் ஒரு குறையும் கண்டதில்லை. டேப்பக்கா பல் காட்டப் போனால் மட்டும், அதற்கு முதுகைக் காட்டி உட்கார ஒரு நாற்காலி காலியாகும்வரை நின்றுகொண்டே இருப்பாள்.